கடைசியில் கையில் என்ன நிற்கும்? பண்ணைக் கணக்கு சொல்லித்தரக் களப்பணியாளரைப் பழக்குவது எப்படி

ஏக்கருக்கு எவ்வளவு யூரியா, எந்தப் புழுவுக்கு எந்த மருந்து, எந்தப் பட்டத்துக்கு எந்த ரகம் என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன உதவி வேளாண்மை அலுவலருக்கே தெரிந்திருக்கும். “சரிங்க சார், இதெல்லாம் செஞ்சா கடைசியில எனக்கு என்ன நிக்கும்?” என்று ஒன்றரை ஏக்கர்காரர் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். படிப்பில் பண்ணைப் பொருளாதாரம் ஒரு தாளாக வந்திருக்கும். ஆனால் ஒரு வயலின் வரவு செலவை முதல் உழவிலிருந்து கடைசிச் சாக்கு வரை எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர், அட்மா என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பணியாளர் ஆகியோருக்கு இந்தப் பயிற்சியை முதல்முறையாக நடத்தப் போகிறவருக்காக எழுதியது இது. இங்கே வரும் கூலி, விலை, விளைச்சல் எல்லாம் பாடத்துக்கான மாதிரி எண்கள். அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பயிற்சிக்கு முந்தைய வாரம் உங்கள் வட்டாரத்தின் கூலியையும் விலையையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கூலியை ஐம்பது ரூபாய் தப்பாகச் சொன்னால்கூட அதற்கு மேல் நீங்கள் சொல்வது எதுவும் சபையில் ஏறாது.

அழைப்பதற்கு முன்

ஒரு பயிற்சிக்கு 20 பேர், மிஞ்சினால் 25. அறுபது பேரைக் கூடத்தில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினால் வருகைப் பதிவேடு நிறையும், கணக்கு யாருக்கும் வராது. எல்லோரும் பேனா பிடித்து எழுத வேண்டிய பயிற்சி இது. ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் தாளைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

ஐந்து நாளைத் தொடர்ச்சியாக வைக்காதீர்கள். முதலில் இரண்டு நாள், பிறகு மூன்று வார இடைவெளி, மறுபடி இரண்டு நாள், அறுவடை முடிந்தபின் ஒரு நாள் என்று பிரியுங்கள். அந்த மூன்று வாரத்தில் செய்யும் களவேலையில்தான் கற்பதில் பாதி நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் வாரமும் விதைப்பு மும்முரமாக நடக்கும் வாரமும் வேண்டாம். ஆள் வந்து உட்கார்ந்தாலும் கைப்பேசி விடாது.

ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டியவை மூன்று: தன் பொறுப்பில் உள்ள ஊரில் அதிகம் விளையும் இரண்டு பயிரின் பெயர், அங்கே இப்போது ஆண் கூலி பெண் கூலி எவ்வளவு, கடைசியாக யாராவது விற்ற ஒரு மண்டிச் சீட்டின் படம். மூன்றாவதைக் கொண்டுவருகிறவர்கள் பத்தில் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். கொண்டுவராதவர் அதுவரை மண்டிச் சீட்டையே பார்த்ததில்லை என்று தெரிந்துகொண்டதே லாபம்.

நீங்கள் வாங்கிவைக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆளுக்கு ஒரு 80 பக்க நோட்டு, பெரிய பழுப்புத் தாள், தடித்த பேனா, சாதாரணக் கால்குலேட்டர், அரைக் கிலோ புளியங்கொட்டை. கொட்டை எதற்கென்று பின்னால் வருகிறது.

முதல் மணி நேரம் முழுக்க அளவு

கணக்கு பிசகுவது பெரும்பாலும் கூட்டலில் அல்ல, அளவில். டெல்டாவில் உழவர் ‘மா’ என்பார். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். மற்ற மாவட்டங்களில் சென்ட் கணக்கு ஓடும். குழி என்ற சொல் பல ஊரில் உண்டு, அளவு மட்டும் ஒன்றல்ல. மூட்டையும் அப்படித்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். தனி வியாபாரியிடம் 60 கிலோ, 75 கிலோ என ஊருக்கு ஊர் வேறு. “ஏக்கருக்கு முப்பது மூட்டை” என்று ஒருவர் சொன்னால் அது 1,200 கிலோவாகவும் இருக்கலாம், 2,250 கிலோவாகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் பயிற்சி இது: ஒவ்வொருவரும் தன் ஊரில் புழங்கும் நில அளவு, மூட்டை, பெட்டி, கூடை, தார், கட்டு எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் சென்ட்டிலும் கிலோவிலும் மாற்றி எழுத வேண்டும். தெரியாததைக் கட்டமிட்டு வைக்கட்டும். களவேலையின் முதல் வேலை அந்தக் கட்டங்களை நிரப்புவது. வட்டியும் இதில் சேர்த்தி. “மூணு வட்டிக்கு வாங்கினேன்” என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி மொழியில் பழகிய இளம் அலுவலர் சிலர் இதை மூன்று சதவீதம் என்றே எழுதிவைக்கிறார்கள். அங்கேயே கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஒரு ஏக்கர் கடலை

அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். இறவையில் ஒரு ஏக்கர் நிலக்கடலை. மார்கழியில் விதைத்து சித்திரையில் பறிக்கிறார்கள். பயிற்சியாளர் பலகையில் எழுதிக் காட்டக் கூடாது. ஒவ்வொரு இனத்தையும் “அடுத்து என்ன வேலை?” என்று கேட்டு வாங்கித்தான் எழுத வேண்டும். எதை மறக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

கைவிட்டுப் போன காசு முதலில்:

உழவு, டிராக்டர் 3 மணி நேரம் × 1,100 = 3,300
தொழு உரம் = 5,000
விதைப் பருப்பு 55 கிலோ × 130 = 7,150
விதைப்பு 8 ஆள் × 400 = 3,200
உரமும் ஜிப்சமும் = 4,200
களை, மண் அணைப்பு 16 ஆள் × 350 = 5,600
மருந்து = 1,800
பறிப்பு, காய் ஆய்தல் 20 ஆள் × 350 = 7,000
காயவைத்தல், சாக்கு = 2,250
மொத்தம் = 39,500 ரூபாய்

வரவு: காய்ந்த காய் 900 கிலோ, கிலோ 65 ரூபாய் என்றால் 58,500. கடலைக்கொடி 3,000. ஆக 61,500. மீதி 22,000.

இங்கே நிறுத்திவிட்டு, “லாபம் எவ்வளவு?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் 22,000 என்பார்கள். உழவரும் அப்படித்தான் சொல்வார். இந்த ஒரு வரியை உடைப்பதுதான் பயிற்சியின் முதல் நாள்.

நான்கு மாதம் தண்ணீர் பாய்ச்சியது யார்? காவல் இருந்தது, காயவைத்துக் கிளறியது, ஆளுக்குச் சோறு ஆக்கியது யார்? வீட்டார் 30 ஆள்நாள் உழைத்திருந்தால், 400 ரூபாய் வீதம் 12,000. மோட்டாரும் குழாயும் 45,000 ரூபாய், பத்து ஆண்டு ஓடும், மூன்று ஏக்கருக்குப் பாய்கிறது என்றால் இந்த ஏக்கரின் பங்கு தேய்மானம் 1,500. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பம்புசெட் செலவே இல்லை என்று எழுதிவிடுவார்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்த ஆண்டு இலவசம் அல்லவே. 39,500 ரூபாயை நகைக்கடனில் புரட்டியிருந்தால், ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் நான்கு மாத வட்டி 1,580. நிலத்தைச் சும்மா குத்தகைக்கு விட்டிருந்தாலே வந்திருக்கக்கூடியது 5,000. எல்லாம் கூட்டினால் செலவு 59,580. நிற்பது 1,920 ரூபாய்.

அறையில் சத்தம் வரும். “அப்படிப் பார்த்தா யாரும் விவசாயமே செய்ய முடியாது” என்று ஒருவர் சொல்வார். “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது” என்று இன்னொருவர் பழமொழியை எடுப்பார். ஊரிலும் இதே பேச்சுதான் வரும் என்பதால் பதிலை இங்கேயே பழக்கிவையுங்கள். வீட்டு உழைப்பைச் செலவு என்று உழவர் ஒப்புக்கொள்ளவில்லையா, சண்டை போட வேண்டாம். அதைக் கூலியாகத் திருப்பிக் காட்டுங்கள். மற்ற செலவெல்லாம் போக நிற்பது 13,920. அதை 30 ஆள்நாளால் வகுத்தால் நாளுக்கு 464 ரூபாய். “உங்கள் கடலை உங்களுக்கு நாளுக்கு 464 ரூபாய் கூலி கொடுத்திருக்கிறது. பக்கத்து வயலில் 400, ஊரில் கட்டட வேலைக்கு இவ்வளவு. இந்தக் கூலி போதுமா?” இப்படிக் கேட்டால் உழவருக்கு அது வசவாகப் படாது, யோசிக்க ஓர் எண்ணாகப் படும். பயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும் இந்த நாள்கூலி எண் போல உதவுவது வேறில்லை. மல்லிகைக்கும் கடலைக்கும் ஏக்கர் லாபத்தை மட்டும் ஒப்பிட்டால் மல்லிகை ஜெயிக்கும். விடியற்காலை பூ எடுக்கும் கைகளைக் கணக்கில் கொண்டுவந்த பிறகு எல்லா வீட்டுக்கும் அது ஜெயிக்காது.

“அரசு சொல்லும் செலவு எது?” என்றும் கேட்பார்கள். விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையத்தின் ஏ2 என்பது கைச்செலவோடு தேய்மானமும் நடப்பு மூலதன வட்டியும் சேர்ந்தது. ஏ2+எஃப்எல் என்பது அதோடு வீட்டு உழைப்பு. சி2 என்பதில் சொந்த நில வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேரும். 2018–19 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை ஏ2+எஃப்எல் செலவின் ஒன்றரை மடங்கை அடிப்படையாகக் கொண்டது. இவ்வளவு தெரிந்தால் போதும். உழவர் கூட்டத்தில் இந்த எழுத்துகளைப் பலகையில் எழுதவே வேண்டாம்.

கணக்கிலிருந்து ஒரு முடிவுக்கு

வரவு செலவு எழுதுவதோடு நிறுத்தினால் அது கடந்து போனதற்கு ஒப்பாரி. அடுத்து என்ன செய்வது என்று சொல்லும்போதுதான் அது மேலாண்மை ஆகிறது. இதற்கு இரண்டு சிறிய கருவிகள் போதும்.

முதலாவது, அடக்க விலை. மொத்தச் செலவு 59,580இல் கொடிக்கு வந்த 3,000ஐக் கழித்து 900ஆல் வகுத்தால் கிலோவுக்கு 62 ரூபாய் 87 காசு. கைச்செலவை மட்டும் எடுத்தால் 40 ரூபாய் 56 காசு. இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால் வியாபாரி வாசலில் நின்று விலை கேட்கும்போது உழவருக்கு நிதானம் வரும். 41 ரூபாய்க்குக் கீழே போனால் போட்ட காசே வரவில்லை. 63க்குக் கீழே போனால் உழைப்பில் கொஞ்சம் கரைகிறது. அதேபோல் 65 ரூபாய் விலைக்கு முழுச் செலவையும் எடுக்க 871 கிலோ விளைய வேண்டும். விலை அவர் கையில் இல்லை, விளைச்சல் ஓரளவு இருக்கிறது. ஜிப்சம் இடாமல் பொக்குக் காய் கூடினால் என்ன ஆகும் என்பதை இப்போது தொழில்நுட்பமாக அல்ல, ரூபாயாகச் சொல்லலாம். இத்தனை நாள் அவர்கள் சொல்லிவந்த பரிந்துரைகளுக்கு இங்கேதான் உயிர் வருகிறது.

இரண்டாவது, மாற்றத்தை மட்டும் எடைபோடும் கணக்கு. முழுப் பண்ணையையும் மறுபடி எழுதாமல், ஒன்றை மாற்றினால் எது கூடும், எது குறையும் என்று மட்டும் பார்ப்பது. இதே கடலையை வீட்டு வாசலில் 65க்குக் கொடுப்பதா, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 70க்குப் போடுவதா? கிலோவுக்கு ஐந்து ரூபாய், 900 கிலோவுக்கு 4,500 லாபம் என்று ஒருவர் சட்டென்று சொல்வார். நிதானமாக எழுதச் சொல்லுங்கள். விற்பனைக்கூடத்தில் தூசி, ஈரம் போக 2 சதவீதம் குறைந்தால் 882 கிலோ, 61,740 ரூபாய். வண்டி 1,600. 23 சாக்கு ஏற்றி இறக்க, சாக்குக்கு 20 வீதம் 460. ஒரு நாள் போனதற்கு 500. ஆக 2,560. கையில் 59,180. வாசலில் 58,500. வித்தியாசம் 680 ரூபாய்தான். “இதுக்கா போய் அலையணும்?” என்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி: வாசலில் வியாபாரி சாக்குக்கு எவ்வளவு தள்ளினார்? சாக்குக்கு ஒரு கிலோ கழிவு என்றால் 23 கிலோ, 1,495 ரூபாய். காலையில் போட்ட கணக்கில் வரவு 58,500 என்று எழுதியபோது இதை வேண்டுமென்றே விட்டிருப்பீர்கள். யாராவது அப்போதே கேட்டிருந்தால் அவரைப் பயிற்றுநராக வளர்த்தெடுக்கலாம். கழிவையும் சேர்த்தால் வாசலில் வந்தது 57,005. விற்பனைக்கூடம் 2,175 ரூபாய் கூடத் தருகிறது. காலையில் நின்ற 1,920 உண்மையில் 425தான் என்பதும் இப்போது தெரியும். நான்கு பேர் சேர்ந்து 3,000 ரூபாய்க்கு ஒரு பெரிய வண்டி பிடித்தால் ஆளுக்கு 750. மிச்சம் 3,025 ஆகிறது. உழவர் ஆர்வலர் குழு எதற்கு என்று தனியாகச் சொற்பொழிவு வேண்டாம், இந்த ஒரு வரி போதும். தமிழ்நாட்டின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழு ஐந்து சேர்ந்து நூறு பேர் உற்பத்தியாளர் குழுவானதும், அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டதும் களப்பணியாளருக்குத் தெரிந்த செய்திதான். அந்தப் பணத்தில் வாங்கிய கருவி ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது, வாடகை எவ்வளவு வாங்கினால் தேய்மானம் எடுபடும் என்ற கணக்கைப் பல குழுக்கள் போட்டதில்லை. இதே முறையில் போடச் சொல்லலாம்.

கடனையும் இதே தாளில் பாருங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கியில் உழவர் கடன் அட்டை வழியாக 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. அதே 39,500ஐ மூணு வட்டிக்கு வாங்கினால் நான்கு மாதத்துக்கு 4,740. நகைக்கடனைவிட 3,160 கூட. மாதிரிக் கணக்கில் நின்ற 1,920 அங்கேயே 1,240 நஷ்டமாக மாறிவிடும். பூச்சியும் மழையும் தொடாமலே வந்த நஷ்டம் இது.

மூன்று வாரம்: இரண்டு வீடு, ஒரு சந்தை

ஒவ்வொருவரும் தன் ஊரில் இரண்டு உழவர் குடும்பத்தோடு உட்கார்ந்து, முடிந்துபோன ஒரு பயிரின் முழுக் கணக்கை எழுதி வர வேண்டும். ஒருவர் சொந்த நிலம், இன்னொருவர் குத்தகை அல்லது விளைச்சலில் பங்கு தரும் வாரம். கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும்போது எழுதுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உரமும் டிராக்டரும் அவருக்கு நினைவிருக்கும். எத்தனை ஆள் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த நகை எந்த மாதம் அடகுக்குப் போனது என்பது அவளுக்குத்தான் தெரியும். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலையில் போனால் அவளைப் பார்க்க முடியாது. மாலை விளக்கு வைத்த பிறகு போங்கள்.

களத்தில் வரும் பிழைகள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். வாங்கிய கடனை வரவில் எழுதுவது. வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லையும் விதைக்கு எடுத்துவைத்த காயையும் வரவில் விட்டுவிடுவது. இரண்டு பயிருக்குச் சேர்த்து அடித்த தொழு உரத்தை ஒரு பயிரின் தலையில் கட்டுவது. வைக்கோல் மாட்டுக்குப் போனதால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைப்பது. மானியத்தில் வந்த விதையை முழு விலைக்கு எழுதுவது, அல்லது எழுதாமலே விடுவது. மானிய விதைக்குக் கையிலிருந்து கொடுத்ததை எழுதி, அடுத்த ஆண்டு மானியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பயிர் மானியம் நின்ற நாளோடு செத்துவிடுமா இல்லையா என்பதை அந்த இரண்டாவது எண் சொல்லும்.

பிறகு சந்தை. இதில் கென்யாவிலிருந்து கற்க ஒன்று இருக்கிறது. அங்கே 2006இல் ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி முகமையான ஜைக்காவின் துணையோடு சிறு தோட்டக்கலை உழவருக்காக ‘ஷெப்’ என்ற முறை தொடங்கியது. விளைந்ததை விற்பது அல்ல, விற்கப் போவதை விளைவிப்பது என்பது அதன் சாரம். அதன் நடைமுறையில் கவனிக்க வேண்டியது, சந்தையை விசாரிக்க அலுவலர் போய்வந்து அறிக்கை படிப்பதில்லை, உழவரே போய்க் கேட்கிறார்கள் என்பது. நம் ஊரில் ஒட்டன்சத்திரம் போன்ற மண்டிக்குத் தினம் காய் போடுகிறவர்கூட விலையைத் தவிர வேறெதையும் கேட்டு வந்திருக்க மாட்டார்.

உழவரை அழைத்துப் போகுமுன் களப்பணியாளர் தானே ஒருமுறை போய்க் கேட்டிருக்க வேண்டும். ஏலம் முடிந்து பரபரப்பு அடங்கிய நேரமாகப் போங்கள். லாரி நிற்கும்போது கேள்வி கேட்டால் எந்த மண்டிக்காரரும் முகம் கொடுக்க மாட்டார். மூன்று கடையிலாவது கேளுங்கள். எந்த ரகம், எந்தப் பருமன் முதல் தரம்? எந்த மாதங்களில் வரத்து குறைகிறது? வெளியூரிலிருந்து எப்போது சரக்கு வந்து இறங்குகிறது? பெட்டியா சாக்கா, எத்தனை கிலோ? கமிஷன் எவ்வளவு, ஏற்றுக்கூலி யார் தலையில்? பணம் கைமேலா, வாரம் கழித்தா? குறைந்தது எவ்வளவு கொண்டுவந்தால் நேரடியாக எடுப்பீர்கள்? இன்றைய விலையை மட்டும் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பலாம். இன்றைய விலை நான்கு மாதம் கழித்து விற்கப் போகிறவருக்கு உதவாது.

ஒன்றை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். “தக்காளி போடுங்க, விலை ஏறும்” என்று களப்பணியாளர் ஒருபோதும் சொல்லக் கூடாது. இன்று விலை ஏறியிருப்பதால் எல்லோரும் நடுவார்கள். இரண்டரை மாதத்தில் எல்லோர் காயும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வரும். அறிவுரை சொன்னவர் அந்த ஊருக்குள் அப்புறம் வண்டியை நிறுத்த முடியாது. அவர் தர வேண்டியது அடக்க விலையும், கேட்க வேண்டிய கேள்விகளும்தான். எதைப் போடுவது என்பது நிலத்துக்காரரின் முடிவு. சொல்லிப் பழகிய வாய்க்கு இது கடினம். பரிந்துரைப்பதே வேலை என்று நினைத்து வந்தவரை, கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழக்குவதற்கு இரண்டு நாள் போதாது. பயிற்சி முழுக்க இதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பணம் வரும் மாதமும் போகும் மாதமும்

திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, லாபம் காட்டும் பயிர்கூட ஏன் நகையை அடகுக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். பழுப்புத் தாளில் பன்னிரண்டு கட்டம், தை முதல் மார்கழி வரை. மேலே வரவு, கீழே பண்ணைச் செலவு, அதற்குக் கீழே வீட்டுச் செலவு. கடலைக்குச் செலவு மார்கழியிலும் தையிலும், வரவு சித்திரையில். பள்ளிக் கட்டணம் ஜூனில், ஆடிப்பட்டச் செலவு உடனே பின்னால், பிறகு தீபாவளி. எந்தக் கட்டத்தில் கீழ்வரி மேல்வரியைத் தாண்டுகிறதோ அங்கே சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள்.

வட்டம் விழுந்த மாதத்துக்கு என்ன வழி என்பதுதான் பேச்சு. சித்திரையில் எல்லாக் காயையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டுமா? ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்து மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்க வழியிருக்கிறது. ஆனால் விலை ஏறும் என்று உறுதியில்லை, கடலை எடை குறையும், ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். இதற்கும் மாற்றக் கணக்கு போட்டுத்தான் முடிவு. இரண்டு ஆடு, ஒரு கறவை, பத்து சென்ட் கீரை என்று மாதாமாதம் சில்லறை தருவதைச் சேர்ப்பது பல வீட்டுக்குப் பெரிய லாபத்தைவிடப் பெரிய நிம்மதி. ஆனால் கறவைக்கும் உழைப்பு உண்டு. அந்த உழைப்பு யாருடையது என்று கேட்காமல் பரிந்துரைக்கக் கூடாது.

உழவர் முன் உட்காரும் விதம்

வயல்வெளிப் பள்ளி என்ற முறை 1989இல் இந்தோனேசியாவில் நெல் வயலில் பிறந்தது. இருபத்தைந்து பேர் வாரம் ஒருமுறை வயலிலேயே கூடிப் பூச்சியைத் தாங்களே எண்ணிப் பார்த்து மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். கணக்குக்கும் அதே முறைதான். எண்ணுவது உழவரின் கையாக இருக்க வேண்டும்.

எழுதப் படிக்காதவர் உள்ள குழுவில்தான் புளியங்கொட்டை. ஒரு கொட்டை 500 ரூபாய். கடலை வரவு 61,500க்கு 123 கொட்டையைத் தரையில் குவிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு செலவையும் சொல்லச் சொல்ல அவர்களே எடுத்து ஓரமாக வைக்கட்டும். கைச்செலவுக்கு 79 போகும், 44 நிற்கும். வீட்டு உழைப்புக்கு 24 எடுத்தால் 20. தேய்மானம் 3, வட்டி 3, நிலக் குத்தகை 10. தரையில் நான்கு கொட்டை கிடக்கும். வீட்டு உழைப்புக்கு எடுத்த 24ஐ மட்டும் தனிக் குவியலாக வையுங்கள், “இது யார் வீட்டுக் கை?” என்று கேளுங்கள். பெண்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் குவியலைப் பார்த்துத்தான்.

உண்மையான ஆளின் கடனைச் சபையில் கேட்காதீர்கள். காகிதத்தில் ஒரு உழவரை உருவாக்குங்கள். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு பிள்ளை. அவருக்கு எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடட்டும். தங்கள் கணக்கை வீட்டில் தனியாகப் போட்டுக்கொள்வார்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. கூடும் இடம் எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரும் இடமா என்று முதலிலேயே பாருங்கள். ஒரு தெருவின் திண்ணையில் வைத்தால் இன்னொரு தெரு வராது. பள்ளிக்கூடமோ வயலோ மேல்.

நான்காம் நாள்: பாடம் எடுத்துப் பார்ப்பது

ஒவ்வொருவரும் இருபது நிமிடம் நடத்த வேண்டும், முடிந்தால் உண்மையான உழவர் ஏழெட்டுப் பேர் முன்னால். இருபத்தைந்து பேருக்கு ஒரே நாள் போதாதே என்றால், நான்கு குழுவாகப் பிரித்து நான்கு மூலையில் ஒரே நேரத்தில் நடத்துங்கள். பார்க்கிறவர் கையில் மூன்றே கேள்வி: பேனாவோ கொட்டையோ யார் கையில் அதிக நேரம் இருந்தது? கேள்வி கேட்டபின் பதிலுக்கு எத்தனை நொடி காத்திருந்தார்? முடிவை யார் சொன்னார்? காத்திருந்த நொடியை எண்ணி எழுதிக் காட்டினால் அவருக்கே வியப்பாக இருக்கும். இரண்டு நொடியில் தானே பதிலைச் சொல்லிவிடுகிறவர்களே பெரும்பாலோர்.

ஊருக்குப் போன பிறகு

ஒரு களப்பணியாளரின் தலையில் பல ஊரும், காப்பீடும், மானியப் பட்டியலும், கணக்கெடுப்பும் இருக்கின்றன. எல்லா ஊரிலும் இதைத் தொடங்கு என்றால் எங்கும் நடக்காது. முதல் பட்டத்தில் ஒரு குழு, இருபது பேர், ஒரு பயிர். அதற்கு மூன்று சந்திப்பு: விதைப்பதற்கு முன் உத்தேசக் கணக்கு, பயிர் பாதியில் இருக்கும்போது நோட்டுப் பார்வை, விற்ற பத்து நாளுக்குள் முடிவுக் கணக்கு. ஆவணி வரை தள்ளிப்போட்டால் மண்டிச் சீட்டு காணாமல் போகும், விலை ஞாபகத்தில் ஏறி இறங்கும்.

மேலதிகாரி கேட்பது எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணைத்தான். அதைக் கொடுத்துவிடுங்கள், ஆனால் நீங்கள் எண்ண வேண்டியது வேறு: அறுவடை வரை எழுதப்பட்ட நோட்டு எத்தனை, கணக்குப் பார்த்து எதையாவது மாற்றிய வீடு எத்தனை. ரகம் மாற்றியிருக்கலாம், விற்ற இடம் மாற்றியிருக்கலாம், அரை ஏக்கரைக் குறைத்திருக்கலாம். குறைத்ததும் ஒரு நல்ல முடிவாக இருக்கக்கூடும். பரப்பைக் கூட்டுவதே சாதனை என்று பழகிய துறையில் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் மனசு வேண்டும்.

இருபதில் ஏழெட்டு நோட்டு பாதியில் நின்றிருக்கும். தினம் எழுது என்று சொல்லாதீர்கள். ஆட்களுக்குக் கூலி பட்டுவாடா செய்யும் நாளில் மட்டும் எழுதினால் போதும், அன்றுதான் காசு கைமாறுகிறது. படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். காலியாகக் கிடக்கும் பக்கங்களை அலுவலர் தன் கையால் உத்தேசமாக நிரப்பித் தரக் கூடாது. ஆய்வுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்ற வாரத்தில் இந்த ஆசை கட்டாயம் வரும். கடந்த ஒரு வாரத்துச் செலவை மட்டும் வீட்டாரிடம் கேட்டு, அன்றைய தேதியைப் போட்டு, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள். விட்டுப்போன பக்கங்கள் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் பயிற்சிக்கு அந்த நோட்டுகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். உத்தேசக் கணக்கை இடப்பக்கத்திலும் நடந்த கணக்கை வலப்பக்கத்திலும் எழுதி, எந்த வரியில் வித்தியாசம் பெரிதோ அதை மட்டும் பேசுங்கள். கடலையில் அது பெரும்பாலும் ஆள்கூலியாகவும் விளைச்சலாகவும் இருக்கும். அடுத்த பட்டத்துக்கு அந்த இரண்டு எண்ணை மட்டும் திருத்தி, புதிய உத்தேசக் கணக்கை அங்கேயே எழுதிக்கொண்டு கிளம்பட்டும்.